எட்டு மைக்கும் ஒரு கணினியும்: தங்கச்சிமடம் தம்பிக்கு ஒரு பதில்

ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பவர். வீட்டில் கணினி இருக்கிறது. இரண்டு மைக் மட்டும் செருகக்கூடிய சின்ன சவுண்டு கார்டு வைத்து இதுவரை ஓட்டியிருக்கிறார். இப்போது பாடுபவர்கள் ஐந்து பேர், தபேலா, வயலின், கீபோர்டு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தனித்தனி டிராக்கில் எடுக்க வேண்டும். கரைவலை இழுக்கும்போது ஊர்ப் பெரியவர்கள் பாடும் அம்பாப் பாட்டுகளைப் பதிவு செய்து வைக்கவும் ஆசைப்படுகிறார். "எட்டு சானல் கன்வர்ட்டர் எது வாங்கலாம்? 192 கிலோஹெர்ட்ஸ் இருந்தால்தான் தரம் வரும் என்கிறார்கள், அந்த விலை எனக்கு எட்டவில்லை. துபாயில் இருக்கும் அண்ணன் வாங்கி அனுப்புகிறேன் என்கிறார், வாங்கலாமா?" என்பது கேள்வி.

தம்பி, முதலில் 192-ஐ மறந்துவிடுங்கள். கன்வர்ட்டர் என்பது மைக்கின் ஒலியைக் கணினிக்கான எண்களாக மாற்றும் பெட்டி; இன்று விற்கும் எதுவும் உங்கள் பதிவைக் கெடுக்காது. கெடுப்பவை வேறு: போதாத உள்ளீடுகள், சரியில்லாத டிரைவர் (பெட்டியைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருள்), எர்த் இல்லாத பிளக், நம் உப்புக்காற்று. இந்த நான்கையும் பார்த்து வாங்கினால் நடுத்தர விலைப் பெட்டியே பல வருடம் உழைக்கும்.

192 ஏன் வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது மறுபடி பயமுறுத்துவார்கள். மனிதக் காது கேட்கும் உச்சம் சுமார் 20 கிலோஹெர்ட்ஸ். எந்த வேகத்தில் சாம்பிள் எடுக்கிறோமோ, அதாவது வினாடிக்கு எத்தனை தடவை ஒலியை அளக்கிறோமோ, அதில் பாதி வரை உள்ள ஒலி முழுதாகப் பதிவாகும். 48 கிலோஹெர்ட்ஸில் எடுத்தால் 24 வரை வந்துவிடுகிறது. எட்டு சானல், 24 பிட் (ஒவ்வொரு சாம்பிளையும் அளக்கும் நுணுக்கம்), 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 4 ஜிபிக்குக் கொஞ்சம் மேல் ஆகும். அதையே 192-இல் எடுத்தால் 16 ஜிபியைத் தாண்டும், கணினியும் திணறும், கேட்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் 24 பிட் கட்டாயம் வேண்டும். 16 பிட்டில் சத்தத்தின் உச்சத்துக்கும் அடிமட்ட இரைச்சலுக்கும் இடையே 96 டெசிபல்தான் இடம். 24 பிட் கணக்குப்படி 144. நிஜத்தில் நல்ல கன்வர்ட்டர்கள் 110 முதல் 120 வரை தருகின்றன. மின்விசிறியை நிறுத்திய அமைதியான வீட்டு அறையிலேயே 30, 35 டெசிபல் இரைச்சல் இருக்கும். அதனால் 110-க்கும் 118-க்கும் உள்ள வித்தியாசத்துக்குப் பணம் கொடுப்பது உங்கள் அறையில் வீண். 24 பிட் தரும் அந்தக் கூடுதல் இடத்தால் உங்களுக்குக் கிடைக்கும் லாபம் ஒன்றுதான்: லெவலைப் பயமில்லாமல் குறைத்து வைக்கலாம். மீட்டரில் சராசரி மைனஸ் 18 டெசிபல், உச்சம் மைனஸ் 6-ஐத் தாண்டாமல் வைத்தால், திடீரென்று ஒருவர் உச்ச ஸ்தாயியில் எடுத்தாலும் பதிவு கிழியாது.

சரி, இப்போது உள்ளீடுகளை எண்ணுவோம். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். நீங்கள் எட்டு என்று கேட்கிறீர்கள். பாடுபவர்கள் ஐந்து. தபேலாவுக்கு வலந்தலைக்கு ஒன்று, இடந்தலைக்கு ஒன்று. வயலினுக்கு ஒன்று. எட்டு மைக் அங்கேயே முடிந்துவிட்டது. கீபோர்டு ஸ்டீரியோ என்றால் இன்னும் இரண்டு, ஆக மொத்தம் பத்து. பெட்டியின் பெயரிலோ விளம்பரத்திலோ 18 உள்ளே, 20 வெளியே என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பெரிங்கர் யூ.எம்.சி. 1820, ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ20 போன்றவற்றில் அந்த 18-இல் நேரடியாக மைக்கோ கீபோர்டோ செருகக்கூடியவை எட்டுதான். மீதியில் எட்டு, ஏடாட் என்னும் ஆப்டிகல் (ஒளிக் கேபிள்) வழி; இரண்டு, எஸ்பிடிஃப் என்னும் இன்னொரு டிஜிட்டல் வழி. அந்த வழிகளில் வேறொரு பெட்டியைச் சேர்த்தால்தான் அவை பயன்படும்.

உங்கள் கணக்குக்கு நேராகப் பொருந்துவது டாஸ்காம் யூ.எஸ். 16x08. எட்டு மைக் உள்ளீடு, அதற்கு மேல் எட்டு லைன் உள்ளீடு. கீபோர்டு லைனில் போய்விடும், எட்டு மைக்கும் மிச்சம். அதில் ஏடாட் இல்லை என்பது குறை, ஆனால் உங்களுக்கு அது உடனே தேவையில்லை. அது கிடைக்காவிட்டால் இன்னொரு வழி: கீபோர்டை ஒலியாக எடுக்காமல் மிடியாக எடுங்கள். பெரும்பாலான கீபோர்டுகளில் பின்னால் யூ.எஸ்.பி. இருக்கிறது, நேரே கணினியில் செருகினால் நீங்கள் அழுத்திய ஸ்வரங்கள் பதிவாகும், ஒலியைப் பிறகு தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், தப்பு விழுந்த ஸ்வரத்தைத் திருத்தவும் செய்யலாம். அப்போது எட்டு மைக் பெட்டி எதுவானாலும் போதும்: யூ.எம்.சி. 1820, 18ஐ20, ஆடியன்ட் ஈவோ 16, ப்ரீசோனஸ் ஸ்டூடியோ 1824சி. இந்த நான்கில் ஈவோ 16-இல் ஒரு வசதி எனக்குப் பிடிக்கும். எல்லாரையும் ஒருமுறை பாடச் சொல்லி ஒரு பொத்தானை அழுத்தினால், எட்டு சானலின் லெவலையும் அதுவே வைத்துக்கொள்ளும். நீங்களே வாசித்து நீங்களே பதிவும் செய்கிறவர் என்பதால் இது பெரிய உதவி.

ஒரு எச்சரிக்கை. பெரிங்கர் ஏ.டி.ஏ. 8200 என்று ஒரு பெட்டி இருக்கிறது. எட்டு மைக் ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் பகுதி), கன்வர்ட்டர் என்றே பெயர், விலையும் குறைவு. ஆனால் அதில் யூ.எஸ்.பி. கிடையாது. அது ஏடாட் வழியாக வேறொரு சவுண்டு கார்டில்தான் சேரும். எட்டு சானல் கன்வர்ட்டர் என்று தேடினால் இதுதான் முதலில் கண்ணில் படும்; வாங்கிவிட்டு கணினியில் எங்கே செருகுவது என்று தேடியவர்கள் உண்டு. ஏற்கெனவே ஏடாட் உள்ள பெட்டி வைத்திருப்பவர் எட்டைப் பதினாறாக்க நினைத்தால் மட்டும் அது நல்ல துணை.

நாளைக்கு நீங்களும் அப்படிப் பெருக்க நினைக்கலாம் என்பதால் கடிகார விஷயத்தைச் சொல்லி வைக்கிறேன். ஒவ்வொரு கன்வர்ட்டருக்குள்ளும் ஒரு படிகக் கடிகாரம் இருக்கிறது. வினாடிக்கு 48,000 தடவை "இப்போது எடு" என்று சொல்வது அதுதான். இரண்டு பெட்டிகளின் கடிகாரங்கள் ஒருபோதும் அச்சாக ஒன்றாக ஓடுவதில்லை. பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தால்கூட வினாடிக்குக் கிட்டத்தட்ட ஒரு சாம்பிள் முன்னே பின்னே போகும். அது காதில் "டிக்" என்று விழும். அதனால் இரண்டு பெட்டிகளைச் சேர்த்தால் ஒன்றுதான் தலைமை, மற்றது அதைப் பின்பற்ற வேண்டும். ஏடாட் வழியாக ஒலி எந்தப் பெட்டியிலிருந்து வருகிறதோ அதைத் தலைமையாக வைத்து, வாங்கிக்கொள்ளும் பெட்டியின் செட்டிங்கில் கடிகாரத்தை ஏடாட் என்று மாற்றினால் முடிந்தது. இரண்டும் "இன்டர்னல்" (சொந்தக் கடிகாரம்) என்றே இருந்தால் டிக் டிக் என்று வந்துகொண்டே இருக்கும். கேபிளை மாற்றுவார்கள், கணினியை ஃபார்மட் செய்வார்கள், அது போகாது. இன்னொன்று: 48 கிலோஹெர்ட்ஸில் ஓர் ஏடாட் கேபிளில் எட்டு சானல் போகும், 96-க்கு மாற்றினால் நான்காகிவிடும். இதுவும் 48-லேயே இருங்கள் என்று நான் சொல்வதற்கு ஒரு காரணம்.

இதே காரணத்தால்தான் இரண்டு மலிவான யூ.எஸ்.பி. கார்டுகளை ஒரே கணினியில் செருகி எட்டு சானல் ஆக்கலாம் என்ற யோசனை வேண்டாம் என்கிறேன். விண்டோஸில் ஒலிப்பதிவுக்குப் பயன்படும் ஏசியோ ரக டிரைவர் வழியாகப் பதிவு மென்பொருள் ஒரு நேரத்தில் ஒரு டிரைவரைத்தான் எடுத்துக்கொள்ளும். ஏதாவது தந்திரம் செய்து இரண்டையும் ஓட்டினாலும், மேலே சொன்ன அந்தச் சின்ன வித்தியாசமே ஒரு மணி நேரத்தில் 72 மில்லி வினாடியாக வளர்ந்துவிடும். தபேலா ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் என்று விலகி நிற்கும்.

டிரைவரைப் பற்றி: பெட்டியை வாங்கும் முன் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் விண்டோஸ் பதிப்புக்கு டிரைவர் இருக்கிறதா, கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று பாருங்கள். ஆர்.எம்.இ. என்ற நிறுவனத்தின் பெட்டிகளுக்கு மக்கள் அவ்வளவு பணம் கொடுப்பதற்குப் பெரிய காரணமே வருடக்கணக்கில் சளைக்காமல் ஓடும் அவர்களது டிரைவர்தான். நமக்கு அந்த விலை வேண்டாம். ஆனால் நான்கு வருடமாக டிரைவர் பக்கம் தூங்குகிறது என்றால் அந்த மாடலைத் தள்ளிவிடுங்கள், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும். பழைய பெட்டியைக் கைமாற்றி வாங்குவதாக இருந்தால் இது இன்னும் முக்கியம்.

பாடுவது கணினிக்குள் போய் ஹெட்ஃபோனுக்குத் திரும்ப ஆகும் தாமதம் பற்றிச் சிலர் ரொம்பப் பேசுவார்கள். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து வாங்கும் சாம்பிள்கள்) 256 என்றால் ஒரு வழிக்கு 5.3 மில்லி வினாடி, போய்த் திரும்ப 11-ஐ ஒட்டி. ஒலி காற்றில் ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லி வினாடி எடுக்கிறது. ஆகவே மூன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்து வாசிக்கும் வயலின்காரரைக் கேட்பதும் இதுவும் ஒன்றுதான். ஹெட்ஃபோனில் கணினிக்குப் போகாமல் பெட்டியிலேயே திருப்பிக் கேட்கும் டைரக்ட் மானிட்டர் வசதி மேலே சொன்ன பெட்டிகளில் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டால் பஃபரை 512 என்று தாராளமாக வைத்துப் பதிவு செய்யலாம்.

இனி மின்சாரம். கண்டென்சர் மைக்குகள் மின்சாரம் இருந்தால்தான் வேலை செய்யும் ரகம்; அவற்றுக்குப் பெட்டியிலிருந்து மைக் கேபிள் வழியாகவே ஃபேன்டம் என்னும் 48 வோல்ட் போக வேண்டும். விதிப்படி ஒரு மைக் 10 மில்லி ஆம்பியர் வரை எடுக்கலாம். எட்டு மைக் என்றால் கிட்டத்தட்ட 3.8 வாட். யூ.எஸ்.பி. 2.0 துளை தருவதே 2.5 வாட். அதனால்தான் உண்மையான எட்டு மைக் பெட்டிக்குத் தனி அடாப்டரோ பவர் கார்டோ இருக்கும். கணினி மின்சாரத்திலேயே எட்டு கண்டென்சரும் ஓடும் என்று எவராவது விற்றால் விவரத்தைக் கேட்டுப் பார்த்து வாங்குங்கள். அந்த அடாப்டரின் வோல்ட்டையும் உள்முனை பிளஸ்ஸா மைனஸா என்பதையும் ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டி வையுங்கள். அது கெட்டுப்போகும் நாளில் பஜாரில் வேறொன்று வாங்க அந்தச் சீட்டுத்தான் உதவும்.

நம் ஊரில் பதிவு செய்கிறவர்கள் கன்வர்ட்டர் மேல் பழி போடும் "ம்ம்ம்" என்ற ஹம், பத்தில் ஒன்பது தடவை வீட்டு எர்த்திலிருந்து வருகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த முனகல் 50-லும் அதன் மடங்குகளிலும் உட்காரும். கடற்கரை மணல் காய்ந்துவிட்டால் எர்த் சரியாக இறங்காது, ஈரமாக இருக்கும் இடத்திலோ புதைத்த ஜி.ஐ. குழாயை உப்பு அரித்துவிடும். பத்து வருடத்துக்கு முன் போட்ட எர்த் இன்றும் இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் முதல் செலவு எர்த்துக்கு, அப்புறம்தான் பெட்டிக்கு.

லேப்டாப் வைத்திருந்தால் ஒரு சின்னச் சோதனை. ஹம் வரும்போது சார்ஜரைப் பிடுங்குங்கள். சத்தம் சட்டென்று நின்றால் காரணம் சார்ஜர். இரண்டு பின் சார்ஜர்கள் எர்த் இல்லாததால் லேசாக மின்சாரம் கசிய விடும். லேப்டாப்பின் உலோக உடம்பைத் தடவினால் விரலில் மெல்லச் சுணைக்கும், அதே கசிவுதான் யூ.எஸ்.பி. வழியாக ஒலிக்குள் ஏறுகிறது. பாட்டு எடுக்கும் நேரத்துக்கு பேட்டரியிலேயே ஓட்டிவிடலாம். கணினி, சவுண்டு கார்டு, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே பிளக் பலகையில் செருகுங்கள், லைன் கேபிள்கள் பேலன்ஸ்டாக (வழியில் ஏறும் இரைச்சலைக் கழித்துவிடும் மூன்று கம்பி ரகமாக) இருக்கட்டும். ஹம்மை நிறுத்த எர்த் பின்னை உடைத்துவிடும் பழக்கம் மைக்செட் ஆட்கள் சிலரிடம் உண்டு. மைக்கில் உதடு ஒட்டிப் பாடுகிறவருக்கு அது உயிராபத்து. யார் சொன்னாலும் செய்யாதீர்கள். கரண்ட் போனால் ஓடும் இன்வெர்ட்டர் பழைய சதுர அலை ரகமாக இருந்தால் அதில் பதிவு செய்ய வேண்டாம், இரைச்சல் ஏறும்; சைன் வேவ் என்றால் பரவாயில்லை.

துபாய் அண்ணன் விஷயத்துக்கு இங்கே வருகிறேன். மின்னழுத்தம் அங்கேயும் 230, 50 ஹெர்ட்ஸ், அதில் சிக்கல் இல்லை. சிக்கல் பிளக்கில். அங்கே சதுரப் பின்கள். இங்கே வந்ததும் ஐம்பது ரூபாய் கன்வர்ஷன் பின் ஒன்றை மாட்டுவார்கள், அதில் பலவற்றுக்கு எர்த் தொடர்பே கிடையாது. கீழக்கரையில் ஒரு வீட்டில் வெளிநாட்டிலிருந்து வந்த அருமையான பெட்டி ஓயாமல் முனகிக்கொண்டிருந்தது. அந்தப் பின்னை எறிந்துவிட்டு நம் ஊர் மூன்று பின் கார்டு போட்டதும் அமைதியாகிவிட்டது. கார்டைக் கழற்றி மாற்றக்கூடிய பெட்டி என்றால் துபாயிலிருந்து வாங்கலாம். ஆனால் வாரண்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டுக்குத்தான். பழுதானால் ராமநாதபுரத்திலிருந்து சென்னைக்கு அனுப்புவதே பெரிய வேலை. துபாய்க்குத் திருப்பி அனுப்புவது நடக்காத காரியம். விலை வித்தியாசம் கால்பங்குக்குக் குறைவு என்றால் இந்திய பில்லோடு இங்கேயே வாங்குவதுதான் என் யோசனை.

இப்போது உப்பு. நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான், ஏனென்றால் வேறு ஊர்க்காரர்கள் எழுதும் ஆலோசனைகளில் இது இருக்காது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டியதும் உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் இரவிலும் விடியலிலும் அந்த அளவு ஈரம் சர்வ சாதாரணம். கச்சான் என்னும் மேல்காற்று அடிக்கும் மாதங்களில் ஜன்னல் கம்பியைத் தடவிப் பாருங்கள், விரலில் பிசுபிசுக்கும். அதே படலம் சவுண்டு கார்டின் ஜாக்குகளுக்குள்ளும் படிகிறது. பகலில் காய்ந்து தூளாக இருப்பது இரவில் கரைந்து மின்சாரம் கடத்தும், தொடர்பு உலோகத்தை அரிக்கும். முதல் அறிகுறி, கேபிளை அசைத்தால் கரகரப்பது, குமிழைத் திருப்பினால் சரசரப்பது. கண்டென்சர் மைக்கில் என்றால் பாப்கார்ன் பொரிவது போலச் சின்னச் சின்ன வெடிப்புகள்.

ஆகவே வாங்கும்போதே பாருங்கள். உள்ளே மின்விசிறி வைத்த பெட்டி வேண்டாம், அது உப்புக்காற்றை இழுத்து உள்ளே நிரப்பும். கடல் பார்த்த ஜன்னலோரம் வைக்காதீர்கள். வேலை முடிந்து சூடு ஆறிய பிறகு பருத்தித் துணி போட்டு மூடுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டால் ஈரம் உள்ளேயே தங்கும். மைக்குகளை இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல மணி வெளிறி ரோஸ் நிறமானால் ஈரம் குடித்து நிறைந்துவிட்டது என்று அர்த்தம், சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். ஏசி அறையில் குளிர்ந்த பெட்டியை வெளியே எடுத்ததும் ஆன் செய்யாதீர்கள். வியர்த்திருக்கும், அரை மணி விடுங்கள். பயன்படுத்தாத ஜாக்குகளிலும் மாதம் ஒருமுறை கேபிளைச் செருகி நாலைந்து தடவை உருவுங்கள். கரகரப்பு வந்தால் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனர் மட்டும் அடியுங்கள். மண்ணெண்ணெய், துரு எண்ணெய் வேண்டாம். எண்ணெய்ப் பசை இன்னும் உப்பைப் பிடித்து வைக்கும்.

அம்பாப் பாட்டுக்கு வருவோம். நீங்கள் இதை ஆசை என்று ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதுதான் உங்கள் கேள்வியிலேயே பெரிய விஷயம். கரைவலை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும் பாட்டு அது. வலை இழுக்க இயந்திரம் வந்த இடத்தில் பாடுவதற்கு அவசியம் இல்லாமல் போகிறது. பாடத் தெரிந்தவர்களுக்கு வயதாகிறது. அவர்களை உங்கள் வீட்டுக்கு வரவழைத்து நாற்காலியில் உட்கார வைத்தால் பாதிப் பாட்டுத்தான் வரும், கையில் கயிறு இருந்தால்தான் மூச்சும் தாளமும் சேரும். கரையிலேயே எடுங்கள். அதற்கு வீட்டுப் பெட்டி சரிப்படாது. எட்டு ஏஏ பேட்டரியில் ஓடும் ஜூம் எஃப்8என் போன்ற எட்டு மைக் ரெக்கார்டர் இருக்கிறது, ஆனால் சொந்தமாக வாங்கும் விலையல்ல, ஒரு நாள் வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள். மின்சாரம் எட்டும் இடம் என்றால் ஜூம் எல்-12 நல்ல சமரசம்: எட்டு மைக், கணினி இல்லாமல் எஸ்டி கார்டிலேயே தனித்தனி டிராக்காகப் பதியும், வீட்டில் யூ.எஸ்.பி. வழியாக உங்கள் சவுண்டு கார்டாகவும் வேலை செய்யும். அதில் இரண்டு ஸ்டீரியோ லைன் வழியும் இருப்பதால் உங்கள் கீபோர்டும் உட்கார்ந்துவிடும். கோயில், வீடு, கரை மூன்றுக்கும் ஒரே பெட்டி என்று பார்த்தால் உங்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். நிரந்தரமாக வீட்டு மேஜையில்தான் இருக்கும் என்றால் டாஸ்காமோ ஈவோவோ.

கரையில் மைக்குக்கு ஸ்பாஞ்ச் உறை போதாது, முடி வைத்த காற்றுத் தடுப்பு வேண்டும். எடுத்துக் கொடுப்பவருக்கு அருகில் ஒன்று, வாங்கிப் பாடும் வரிசைக்கு இரண்டு. நான்காவதை அலையின் பக்கம் திருப்பித் தனி டிராக்கில் வையுங்கள், பிறகு வேண்டிய அளவு கலந்துகொள்ளலாம்.

இதே பெட்டியில் வீட்டில் 5.1 (ஆறு ஸ்பீக்கர்) ஒலியோடு படம் பார்க்கலாமா என்றும் கேட்பீர்கள். ஆறு வெளியீடு இருந்தால் முடியும். ஆனால் பல பெட்டிகளில் பெரிய வால்யூம் குமிழ் முதல் இரண்டு வெளியீட்டை மட்டும்தான் குறைக்கும். படத்துக்கு எச்டிஎம்ஐ வழியாக ரிசீவரே வசதி.

பெட்டி வந்ததும், திருப்பி அனுப்பும் அவகாசம் முடிவதற்குள் இதைச் செய்யுங்கள். ஒரே மைக்கை எட்டு சானலிலும் மாற்றி மாற்றிச் செருகி, ஒவ்வொன்றிலும் அதே வரியை அதே தூரத்தில் நின்று பாடுங்கள். எட்டும் ஒன்றுபோல இருக்க வேண்டும். கண்டென்சர் மைக் ஒன்றை வைத்து ஃபேன்டமையும் எட்டிலும் பாருங்கள். பிறகு எட்டு டிராக்கையும் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் ஓடவிட்டு, கடைசிப் பத்து நிமிடத்தை ஹெட்ஃபோனில் கேளுங்கள். டிக் சத்தம் எங்காவது விழுந்தால் முதலில் வேறு யூ.எஸ்.பி. துளை, வேறு கேபிள், பெரிய பஃபர் என்று மாற்றிப் பாருங்கள். அப்படியும் விழுந்தால் தயங்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள். அட்டைப்பெட்டியை அதுவரை தூக்கிப் போடாதீர்கள்.